கல்விக்கு 6 வீதம்: மீதியை யார் கட்டுகிறார்கள்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

இலங்கையின் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 6 வீதத்தை அரசாங்கம் கல்விக்கு ஒதுக்குவது பற்றி உங்கள் பத்திரிகையில் வந்த கட்டுரைகளையும் அதற்கு வந்த பதில்களையும் வாசித்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். ஒரு பக்கத்தார் அரசாங்கத்தைப் பார்த்து "தேர்தல் நேரம் சொன்னீர்கள்தானே, தாருங்கள்" என்கிறார்கள். மற்றப் பக்கத்தார் "நாடு வங்குரோத்தாகி எழும்பி நிற்கவே கஷ்டப்படுகிறது, இப்ப இது என்ன கதை" என்கிறார்கள். இரண்டு பேரும் தொடாத ஒன்று இருக்கிறது. அரசாங்கம் கல்விக்குக் குறைவாகச் செலவழித்தால் கல்வியின் செலவு குறைந்துவிடுவதில்லை. அந்தச் செலவை வேறு யாரோ கட்டுகிறார்கள். யார், எவ்வளவு, யாரால் கட்ட முடியாமல் போகிறது என்பதைப் பற்றித்தான் நான் பேச வந்தேன்.

நான் வலயக் கல்விப் பணிமனை ஒன்றின் கணக்குப் பகுதியில் வேலை செய்து ஓய்வுபெற்றவன். பாடம் படிப்பித்தவனில்லை, படிப்பித்தவர்களின் சம்பளப் பட்டியலும் பாடசாலைகளின் வவுச்சர்களும் பார்த்தவன். அதனால் என் பார்வை கொஞ்சம் காசுப் பார்வையாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்த 6 வீதக் கோரிக்கை இலங்கையில் தெருவுக்கு வந்தது 2012இல். பல்கலைக்கழக ஆசிரியர் சங்கங்களின் சம்மேளனம் அந்த ஆண்டு ஜூலையில் வேலைநிறுத்தம் தொடங்கி ஒக்டோபர் வரை, ஏறக்குறைய நூறு நாள், விடாமல் நின்றது. காலியிலிருந்து கொழும்புக்கு நடந்தார்கள், பத்து இலட்சம் கையெழுத்துச் சேர்க்கிறோம் என்று புறப்பட்டார்கள். சம்பளத்துக்காகத்தான் நிற்கிறார்கள் என்று அன்றைய அரசு சொல்லிப் பார்த்தது, ஆனால் '6 வீதம்' என்ற இரண்டு சொல் ரீசேட்டிலும் சுவரிலும் ஏறிவிட்டது. அந்தப் போராட்டத்தில் முன்னுக்கு நின்ற விரிவுரையாளர்களில் ஒருவர்தான் இன்றைய பிரதமரும் கல்வி அமைச்சருமான ஹரினி அமரசூரிய. இதை நான் குத்திக்காட்டுவதற்காகச் சொல்லவில்லை. இந்த எண் எங்கிருந்து வந்தது, அதன் கனம் என்ன என்று புதிதாக விளக்க வேண்டிய தேவையில்லாத ஒருவர் அந்தக் கதிரையில் இருக்கிறார் என்பதற்காகவே சொல்கிறேன். இதற்கு முன் இருந்த எந்த அமைச்சருக்கும் இந்தத் தகுதி இருக்கவில்லை.

6 என்பது ஆகாயத்திலிருந்து விழுந்த எண்ணும் இல்லை. 2015இல் உலக நாடுகள் கூடி ஒப்புக்கொண்ட கல்வி இலக்கில் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 4 முதல் 6 வீதம், அல்லது அரச செலவில் 15 முதல் 20 வீதம் கல்விக்குப் போக வேண்டும் என்று இருக்கிறது. இந்தியாவில் கோத்தாரி ஆணைக்குழு 1966இலேயே 6 வீதம் கேட்டது, 1968 கல்விக் கொள்கை ஏற்றுக்கொண்டது, 2020 கல்விக் கொள்கையும் அதையே திருப்பிச் சொன்னது, இன்னும் அங்கே எட்டவில்லை. ஆக, சொல்லிவிட்டுச் செய்யாமல் இருப்பதில் நாங்கள் தனியாக இல்லை. ஆனால் நாங்கள் 2 வீதத்தைக்கூடத் தொடாமல் கிடக்கிறோம். நேபாளமும் பூட்டானும் மாலைதீவும் எங்களைவிடக் கூடுதலான பங்கைக் கல்விக்குக் கொடுக்கின்றன.

இந்த இடத்தில் எண்கள் பற்றி ஒரு எச்சரிக்கை, பத்திரிகைகளுக்கும் சேர்த்துத்தான். 2025 வரவு செலவுத் திட்டம் வந்தபோது கல்வி அமைச்சுக்குச் சுமார் 270 பில்லியன் ரூபா என்று எல்லோரும் தலைப்புப் போட்டார்கள். அதை எடுத்து மொத்த உள்நாட்டு உற்பத்தியால் வகுத்து "ஒரு வீதம்கூட இல்லை" என்று முகநூலில் அழுதவர்களும் உண்டு. அது பிழையான கணக்கு. இந்த நாட்டில் இருக்கிற சுமார் பத்தாயிரம் அரச பாடசாலைகளில் 396 மட்டுமே கல்வி அமைச்சுக்கு நேரடியாகக் கீழே வருகிற தேசிய பாடசாலைகள், மற்றதெல்லாம் மாகாணத்துக்குக் கீழே வருபவை. அந்த ஆசிரியர்களின் சம்பளம் மாகாண சபைகளுக்குப் போகிற பணத்தில் இருக்கிறது, வேறு அமைச்சின் தலைப்பில். இரண்டையும் கூட்டித்தான் பார்க்க வேண்டும். கூட்டினாலும் 2 வீதத்துக்குள்தான் நிற்கும் என்பது வேறு விஷயம். ஆனால் பிழையான எண்ணை வைத்துச் சண்டை பிடித்தால் திறைசேரி அதிகாரி ஒருவர் ஐந்து நிமிடத்தில் எங்களை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்.

சரி, 6 வீதம் இப்போது முடியுமா? முடியாது. ஏன் முடியாது என்பதை இரு தரப்பும் நேராகச் சொல்வதில்லை. 2022இல் அரசாங்கத்தின் முழு வருமானமே உற்பத்தியில் 8 வீதத்தைச் சற்றுத் தாண்டியதுதான். 2019 கடைசியில் பெறுமதி சேர் வரியை 15இலிருந்து 8 வீதத்துக்கு இறக்கினார்கள், வேறு வரிகளையும் எடுத்து எறிந்தார்கள், அன்றைக்குக் கைதட்டிய ஆட்களில் என் சொந்தக்காரரும் இருக்கிறார்கள். அந்த வருமானத்தில் முக்கால் பங்குக்கு மேல் வட்டிக்கே போனது. எட்டு ரூபா உழைத்து ஆறு ரூபாவைக் கடன்காரனிடம் கொடுத்துவிட்டு வந்த வீட்டில் பிள்ளையின் படிப்புக்கு ஆறு ரூபா கேட்டால் என்ன நடக்கும்? இப்போது வருமானம் ஏறியிருக்கிறது, 2024இல் 13 வீதத்தைத் தாண்டியது. ஆனால் அதே 2024இல் அரச நிதி முகாமைத்துவச் சட்டம் என்று ஒன்று நிறைவேறியது, அதன்படி வட்டி தவிர்ந்த அரசாங்கச் செலவு எல்லாம் சேர்த்து உற்பத்தியில் 13 வீதத்தைத் தாண்டக்கூடாது. ஆஸ்பத்திரி, ஓய்வூதியம், வறிய குடும்பங்களுக்கான அஸ்வெசும உதவித்தொகை, இராணுவம், றோட்டு, எல்லாமே இந்தப் பதின்மூன்றுக்குள். இதில் ஆறைக் கல்விக்கு எடுத்தால் மிச்சம் ஏழு. எங்கள் பாதுகாப்புச் செலவை வைத்துக்கொண்டு அந்த ஏழில் நாட்டை நடத்திக் காட்டுங்கள் பார்ப்போம்.

இந்தச் சட்டத்தைப் போட்டது முந்தைய அரசாங்கம். இன்றைய அரசாங்கம் சர்வதேச நாணய நிதியத்தோடு போட்ட ஒப்பந்தத்தைத் தொடர்கிறது, முதன்மை மிகையை, அதாவது வட்டி தவிர்ந்த செலவு போக வருமானத்தில் மிஞ்சுவதை, உற்பத்தியில் 2.3 வீதத்தில் வைத்திருக்கவும் ஒப்புக்கொண்டிருக்கிறது. அப்படியென்றால் 6 வீதம் என்ற வாக்குறுதியும் 13 வீதம் என்ற உச்சவரம்பும் ஒரே மேசையில் இருக்கின்றன. இரண்டையும் ஒன்றாக வைத்து யாரும் பேசுவதில்லை. 6 வீதத்தைக் கேட்கிற தொழிற்சங்கங்களும் வரியைப் பற்றி வாய் திறப்பதில்லை, கேட்டால் அது எங்கள் வேலையில்லை என்பார்கள். நேர்வரி கட்ட வேண்டியவர்களிடம் வாங்காமல் பால்மாவுக்கும் கொப்பிக்கும் வரி போட்டுச் சேர்த்த காசில் இலவசக் கல்வி நடத்தினால் அது எவ்வளவு இலவசம் என்ற கேள்வியும் இருக்கிறது.

இங்கேதான் வழமையாக ஒரு பதில் வரும்: "குறைந்த செலவில் நிறைந்த பலன் எடுத்த நாடு இலங்கை, எழுத்தறிவைப் பாருங்கள்". உலக வங்கி அறிக்கைகளிலும் இந்தப் பாராட்டு உண்டு. எனக்கு இதைக் கேட்டால் கோபம்தான் வரும். அந்தப் பலன் குறைந்த செலவில் வந்ததில்லை. 1945இல் அன்றைய கல்வி அமைச்சர் கன்னங்கரா இலவசக் கல்வியைக் கொண்டு வந்தபோது தாய்மொழிப் பள்ளிகள் ஏற்கெனவே பெரும்பாலும் கட்டணமில்லாமல்தான் நடந்தன, கட்டணம் இருந்தது ஆங்கிலப் பாடசாலைகளில். அந்தக் கதவைத் திறந்ததும் மத்திய கல்லூரிகளைக் கிராமங்களுக்குக் கொண்டு போனதும்தான் பெரிய மாற்றம். அதற்கு அரசு காசு போட்டது. அறுபதுகளில் கல்விச் செலவு உற்பத்தியில் 4 வீதமளவில் இருந்தது. எங்கள் அப்பாமார் படித்த பள்ளிக்கூடக் கட்டடங்களில் பாதி அந்தக் காலத்தவை, இன்றும் அதிலேதான் பிள்ளைகள் இருக்கிறார்கள். அன்று போட்ட முதலைத் தின்றுகொண்டிருப்பதற்குப் பெயர் சிக்கனமா?

இப்போது யார் கட்டுகிறார்கள் என்ற விஷயத்துக்கு வருகிறேன்.

முதலாவது ரியூசன். யாழ்ப்பாணத்திலோ கிளிநொச்சி நகரத்திலோ பின்னேரம் நாலு மணிக்கு றோட்டில் நின்று பாருங்கள், பாடசாலை விட்டு இரண்டாவது பாடசாலைக்குப் போகிற சைக்கிள்களைக் காணலாம். ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசிலுக்கு, பிறகு சாதாரண தரத்துக்கு, பிறகு உயர்தரத்துக்கு. உயர்தரம் விஞ்ஞானம் அல்லது கணிதம் எடுக்கிற பிள்ளைக்கு மூன்று பாடத்துக்கும் தனித்தனி வகுப்பு, அதற்குள் ஒரு மீட்டல் வகுப்பு, ஒரு வினாத்தாள் வகுப்பு. உயர்தரம் சித்தியடைந்து பல்கலைக்கழகத்துக்குத் தகுதி பெறுகிறவர்களில் ஏறத்தாழக் கால்வாசிப் பேருக்குத்தான் அரச பல்கலைக்கழகத்தில் இடம் கிடைக்கிறது என்றால், பெற்றார் பயப்படுவதில் என்ன அதிசயம்? இந்தக் காசு எதுவும் அரச கணக்கில் இல்லை. பெற்றாரின் கைச்செலவையும் சேர்த்தால் இந்த நாடு கல்விக்கு நன்றாகவே செலவழிக்கிறது, அரசாங்கத்தின் பங்கு மட்டும்தான் சுருங்கிப் போயிருக்கிறது. பாடசாலையில் அந்தப் பாடத்தைப் படிப்பிக்கிற அதே ஆசிரியரிடம் பின்னேரம் காசு கட்டிப் படிக்கிற பிள்ளைகளும் இருக்கிறார்கள். ஆசிரியரை மட்டும் குற்றம் சொல்லவும் எனக்கு மனமில்லை, ஏனென்றால் அவருடைய சம்பளப் பட்டியலைப் பார்த்தவன் நான். 2021இல் சம்பள முரண்பாட்டுக்காக மூன்று மாதத்துக்கு மேல் இணையவழிக் கற்பித்தலைப் புறக்கணித்து நின்று, கிடைத்தது கேட்டதில் மூன்றில் ஒரு பங்கு.

இரண்டாவது, பாடசாலையே கேட்கிற காசு. சட்டப்படி அனுமதிக் கட்டணம் இல்லை. ஆனால் பாடசாலை அபிவிருத்திச் சங்கம், வசதிகள் கட்டணம், வகுப்பறைக்கு மின்விசிறி, கதிரை மேசை திருத்தம், போட்டோப் பிரதி, தவணைப் பரீட்சை வினாத்தாள். என் பேரனின் பாடசாலையில், பெயர் வேண்டாம், ஒரு பெற்றார் கூட்டத்தில் வெள்ளைப் பலகைக்குக் காசு கேட்டபோது ஒரு தாய் எழும்பி "இலவசக் கல்வி என்று சொல்லுறியள், எனக்கு மாதாமாதம் பில் வருகுது" என்றார். அதிபர் சிரித்தார், நாங்களும் சிரித்தோம். அவர் என்ன செய்வார்? தண்ணீர்க் கட்டணமும் மின்கட்டணமும் கட்டின பிறகு அவர் கையில் மிஞ்சுவது எவ்வளவென்று எனக்குத் தெரியும். தர உள்ளீட்டுப் பணம் என்று ஒன்று வரும், பிள்ளைகளின் எண்ணிக்கையைப் பொறுத்து. சின்னப் பாடசாலைக்கு அது சோக்குப் பெட்டியும் கடதாசியும் வாங்கக் காணும், அவ்வளவுதான்.

மூன்றாவதுதான் எங்கள் பகுதிக்கே உரிய விஷயம், இதை எழுதத்தான் எனக்குத் தயக்கமும். வெளிநாட்டுப் பழைய மாணவர்கள். லண்டன், ரொறன்ரோ, சிட்னி, சூரிச் கிளைகள். போருக்குப் பிறகு வடக்கில் எத்தனையோ பாடசாலைகள் எழும்பி நிற்பது அந்தக் காசில். பனியில் வேலை செய்து சேர்த்ததை அனுப்பியவர்களைப் பற்றி ஒரு சொல் குறைத்துச் சொன்னால் எனக்கு நாக்கு அழுகும். பிடியரிசி சேர்த்துப் பள்ளிக்கூடம் நடத்திய ஊர் இது, சைவ வித்தியா விருத்திச் சங்கம் 1923இலிருந்து ஊர் ஊராகப் பாடசாலை கட்டியது, அந்த வழக்கம் கடல் கடந்தும் தொடர்கிறது. ஆனால் காசு போகிற திசையைப் பாருங்கள். யாழ்ப்பாணத்துப் பெரிய கல்லூரிக்கு நூறு வருஷப் பழைய மாணவர் பட்டியல் இருக்கிறது, வைத்தியரும் பொறியியலாளரும் கணக்காளரும் அதில் இருக்கிறார்கள். அங்கே நீச்சல் தடாகம் வரும், குளிரூட்டிய மண்டபம் வரும், ஸ்மார்ட் வகுப்பறை வரும். துணுக்காயிலும் மடுவிலும் உள்ள ஒரு சின்ன வித்தியாலயத்துக்குப் பழைய மாணவர் என்றால் யார்? அதே ஊரில் தோட்டம் செய்கிறவர், குளத்தில் மீன் பிடிக்கிறவர், மத்திய கிழக்கில் வீட்டு வேலைக்குப் போன பெண். அங்கே கணித ஆசிரியர் ஒருவர் வந்து ஒரு வருஷம் முழுதாக நின்றாலே கொண்டாட்டம்.

ஆக, அரசு விட்ட இடைவெளியை வசதியுள்ள பாடசாலை நிரப்பிக்கொள்கிறது, இல்லாத பாடசாலையில் அது இடைவெளியாகவே இருக்கிறது. நாட்டின் சராசரியைப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. எழுத்தறிவு வீதம் அழகாக இருக்கும், உயர்தரப் பெறுபேறு வந்த அன்று பத்திரிகையில் மாலை போட்ட பிள்ளைகளின் படமும் வரும். மன்னிக்க வேண்டும் ஆசிரியரே, அந்தப் படங்களை நீங்களும்தான் போடுகிறீர்கள்.

மலையகத்தை எடுத்தால் இது இன்னும் பழைய கதை. 1945இல் இலவசக் கல்வி வந்தபோதும் தோட்டப் பாடசாலைகள் தோட்ட நிர்வாகத்தின் கையிலேயே கிடந்தன, அரசு அவற்றைப் பொறுப்பெடுக்க எழுபதுகள் வரை எடுத்தது. அதன் பிறகும் கட்டடம் கட்டியதில் பெரிய பங்கு சுவீடனும் ஜேர்மனியும் கொடுத்த உதவிக்கு உண்டு. முப்பது வருஷம் பிந்தி வந்தவர்களுக்கு அந்த முப்பது வருஷத்துப் பங்கை யாரும் வட்டியோடு கொடுக்கவில்லை. அங்கே லண்டன் கிளையும் இல்லை.

உதவி என்றதும் இன்னொன்று. 2025இல் பாடசாலைச் சீருடைத் துணி முழுவதும் சீனா இலவசமாகத் தந்தது. பாடப்புத்தகம் அச்சடிக்க இந்தியக் கடன் உதவியில் கடதாசி வந்த ஆண்டும் உண்டு. 2022 மார்ச்சில் மேல் மாகாணத்தில் கடதாசி இல்லை என்று தவணைப் பரீட்சையையே தள்ளிப்போட்டார்கள், உலகப் பத்திரிகைகளில் எல்லாம் வந்தது. தந்தவர்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். ஆனால் கொப்பியும் துணியும் ஆண்டுதோறும் வேண்டியவை, பிள்ளைகள் சுமார் 40 இலட்சம் என்பது எல்லோருக்கும் முன்கூட்டியே தெரிந்த எண். இதற்குக்கூட அயலாரைப் பார்த்துக்கொண்டிருப்பதை அவசர உதவி என்று எத்தனை வருஷத்துக்குச் சொல்வது?

அரசாங்கம் ஒன்றுமே செய்யவில்லை என்று நான் சொல்லவில்லை. அஸ்வெசும குடும்பத்துப் பிள்ளைகளுக்குப் பாடசாலை உபகரணம் வாங்க 6,000 ரூபா கொடுத்தார்கள். பிறகு மாணவர் தொகை குறைந்த பாடசாலைகளுக்கும் அதை விரித்தார்கள். அந்த இரண்டாவது முடிவை எடுத்தவருக்கு நிலைமை விளங்கியிருக்கிறது, சின்னப் பாடசாலையில்தான் வறிய பிள்ளை இருக்கிறது என்று.

கடைசியாக, என் தொழில் சம்பந்தமான ஒரு விஷயம். ஒதுக்குவது வேறு, செலவழிப்பது வேறு. கல்விக்குப் போகிற பணத்தில் மிகப் பெரிய பங்கு சம்பளம், அது மாதாமாதம் போய்விடும். கட்டடம், தளபாடம், ஆய்வுகூடம் எல்லாம் மூலதனச் செலவில் வருபவை. ஆண்டுத் தொடக்கத்தில் ஒதுக்கீடு கடிதத்தில் இருக்கும், காசு இருக்காது. ஒக்டோபர், நவம்பரில் கொஞ்சம் வரும், பிறகு கேள்வி கோரல், ஒப்பந்தகாரர், மழை, எல்லாம் சேர்ந்து டிசம்பர் 31 வந்துவிடும். முடியாத வேலையின் காசு திரும்பிப் போகும், அல்லது முடிந்த வேலையின் பில் அடுத்த வருஷத்துக்கு நிலுவையாகப் போய் அந்த வருஷத்துக் காசைத் தின்னும். திறைசேரிக்கு மாதக் கணக்கில் பற்றாக்குறை வந்தால் முதலில் பிடித்து வைப்பது இந்தத் தலைப்பைத்தான், ஏனென்றால் சம்பளத்தைப் பிடித்தால் ஆசிரியர் றோட்டுக்கு வருவார், கூரையைப் பிடித்தால் யாரும் வரமாட்டார்கள். நான் வேலை செய்த பணிமனையில் டிசம்பர் கடைசி வாரம் இரவு எட்டு மணிக்கும் வெளிச்சம் எரியும், அந்த அவசரத்தில் எழுதிய வவுச்சர்களில் எத்தனை உண்மையில் பிள்ளைக்குப் போய்ச் சேர்ந்தன என்று நான் சத்தியம் செய்யமாட்டேன். ஆகவே வீதத்தை மட்டும் உயர்த்திவிட்டு இந்த வழியைத் திருத்தாவிட்டால் உயர்த்திய வீதமும் டிசம்பரில் திரும்பிப் போகும்.

என்னுடைய கருத்து இதுதான்: அரசாங்கம் 6 வீதத்தைக் கைவிடவும் வேண்டாம், நாளைக்கே தருவோம் என்று நடிக்கவும் வேண்டாம். 3 வீதம் எந்த ஆண்டில், 4 வீதம் எந்த ஆண்டில் என்று பாராளுமன்றத்தில் எழுத்தில் வைக்கட்டும், அதற்கு எந்த வரி, எந்தச் செலவைக் குறைத்து என்றும் பக்கத்தில் எழுதட்டும். 13 வீத உச்சவரம்புக்குள் முடியாதென்றால் அதையும் வெளியில் சொல்லட்டும், பிரதமருக்கு 2012இல் இருந்த தைரியம் இதற்குப் போதும். கூடுகிற ஒவ்வொரு ரூபாவும் முதலில் பழைய மாணவர் கிளை இல்லாத பாடசாலைக்குப் போக வேண்டும், பிள்ளைக்கு இவ்வளவு என்று சமமாகப் பிரித்தால் நூறு பிள்ளை உள்ள பாடசாலை ஒருநாளும் எழும்பாது. தூர இடத்து ஆசிரியருக்குத் தங்குமிடமும் கூடுதல் கொடுப்பனவும் கொடுத்தால் அவர் வருவதற்கு முன்பே இடமாற்றக் கடிதம் எழுதமாட்டார்.

உங்களிடமும் ஒரு வேண்டுகோள். அடுத்த வரவு செலவுத் திட்ட விவாதம் வரும்போது அமைச்சரின் பேச்சையும் எதிர்க்கட்சியின் பதிலையும் மட்டும் போடாமல், வடக்கு, கிழக்கு, மத்திய, ஊவா மாகாணங்களில் வலயம் வலயமாகக் கடந்த ஆண்டு கட்டடத்துக்கும் தளபாடத்துக்கும் ஒதுக்கியது எவ்வளவு, கைக்கு வந்தது எவ்வளவு, டிசம்பர் 31இல் செலவானது எவ்வளவு என்று ஒரு அட்டவணை போடுங்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு விண்ணப்பம் எழுதினால் தர வேண்டிய தகவல்தான். விண்ணப்பத்தில் எந்தச் செலவுத் தலைப்பைக் கேட்க வேண்டும் என்று தெரியாவிட்டால் உங்கள் நிருபரை என்னிடம் அனுப்புங்கள், எழுதிக் கொடுக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கல்விப் பணிமனைக் கணக்கு உத்தியோகத்தர்,
கிளிநொச்சி.